மக்கள் கொடுக்காத சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்?

திருகோணமலை மாவட்டத்தில் 13 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. நகரத்துக்கு ஒரு மாநகர சபை, கிண்ணியாவுக்கு ஒரு நகர சபை, வடக்கே பதவிசிறிபுர, கோமரங்கடவல, குச்சவெளி தொடங்கித் தெற்கே மூதூர், சேருவில, வெருகல் வரை 11 பிரதேச சபைகள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, இரண்டு ஆண்டுக்கும் மேல் அதிகாரிகளின் கையில் இருந்த இந்தச் சபைகளுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. திருகோணமலை நகரம் மாநகர சபைக்காக வாக்களித்தது அதுவே முதல் தடவை. எந்தக் கட்சி யாரோடு கூட்டுச் சேர்ந்தது, தவிசாளர் பதவி யாருக்குப் போனது என்பதைப் பற்றி நிறையவே பேசினோம். அந்தத் தவிசாளருக்கும் உறுப்பினருக்கும் மாதம் எவ்வளவு கொடுக்கிறோம், அந்தத் தொகை எந்த அளவுகோலால் வந்தது, அதை நிர்ணயிப்பது யார் என்பதைப் பற்றி அநேகமாக எவரும் பேசவில்லை. அரசியல்வாதியின் சம்பளம் என்றாலே முகம் சுளிக்கும் நாட்டில் இது வியப்பல்ல. ஆனால் அந்த முகச்சுளிப்புக்கும் ஒரு விலை உண்டு. தேர்ந்தெடுத்த ஒருவரின் உழைப்புக்கு மக்கள் கொடுக்காத சம்பளத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள். கொடுப்பவர் பக்கமே அவர் சாய நேரிடும். உள்ளூராட்சிக் கொடுப்பனவு பற்றிய எல்லா வாதங்களையும் இந்த ஓர் உண்மையை வைத்தே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

தேய்ந்துபோன தொகை

2018 பெப்ரவரி 10 தேர்தலில் உருவான சபைகளின் காலத்தில் பிரதேச சபை, நகர சபை உறுப்பினருக்கு மாதக் கொடுப்பனவு 15,000 ரூபாய். மாநகர சபை உறுப்பினருக்கு 20,000 ரூபாய். அன்றைக்கு இது கேவலமான தொகை அல்ல. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் நிர்ணயித்த மாதச் சம்பளம் 10,000 ரூபாய்தான். பிரதேச சபை உறுப்பினர் அதைப்போல ஒன்றரை மடங்கு பெற்றார். பிறகு ஆகக்குறைந்த சம்பளம் 2021 இல் 12,500 ஆகவும், 2024 இல் 17,500 ஆகவும், 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. பழைய 15,000 ரூபாயை இன்றைய அளவுகோலின் அருகே வைத்தால், சட்டம் ஒரு தொழிலாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் தொகையில் அது சரிபாதி. எரிபொருளில் கணக்கிட்டால் தேய்வு இன்னும் துலக்கமாகத் தெரியும். 2018 பெப்ரவரியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 117 ரூபாய். அந்தக் கொடுப்பனவு முழுவதற்கும் 128 லீற்றர் வாங்கலாம். 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. 2025 நடுப்பகுதியின் விலையான ஏறக்குறைய 300 ரூபாய்க்கு அதே பணம் 50 லீற்றர்தான் வாங்கும். மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிந்து வட்டாரத்தைப் பார்க்கும் உறுப்பினருக்குக் கொடுப்பனவின் உண்மையான பெறுமதி இதுதான். பாராளுமன்ற உறுப்பினரின் அடிப்படைக் கொடுப்பனவும் 54,285 ரூபாய் என்ற சிறிய தொகைதான். ஆனால் அதற்கு மேலாக அமர்வுப் படி, எரிபொருள், அலுவலகம், தொலைபேசி என்று தனித்தனிக் கொடுப்பனவுகள் அவருக்கு உண்டு. பிரதேச சபை உறுப்பினருக்கு அந்த ஒரே தொகைதான் சம்பளமும் அலுவலகமும் வண்டிக்கான பெற்றோலும்.

தொகை தேய்ந்தது ஒரு குறை. அளவுகோலே கோணலாக இருப்பது இன்னொரு குறை. கொடுப்பனவு சபையின் தரத்தைப் பார்த்து ஏறுகிறது. வேலையின் அளவைப் பார்த்து ஏறுவதில்லை. நகர சபை மாநகர சபையாகும்போது உறுப்பினரின் கொடுப்பனவும் கூடுகிறது. அவருடைய வட்டாரமோ சில தெருக்களுக்குள் அடங்கும். நடந்தே சுற்றி வரலாம். குச்சவெளிப் பிரதேச சபையின் எல்லை நிலாவெளியிலிருந்து கரையோரமாகப் புல்மோட்டை வரை நீள்கிறது. புல்மோட்டை திருகோணமலை நகரிலிருந்து 50 கிலோமீற்றருக்கும் அப்பால். வெருகலில் உள்ளவர் மாவட்டச் செயலகத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் போயிற்று. கடற்றொழிலாளி, வயல் செய்பவர், நாட்கூலிக்குப் போகும் பெண் ஆகியோருக்கு ஒரு நாள் போவது என்றால் ஒரு நாள் வருமானமும் போவது என்று பொருள். தரம் குறைந்த சபையின் உறுப்பினர் கூடுதலான தூரம் ஓடிக் குறைவாகப் பெறுகிறார்.

சிறிய சம்பளம், பெரிய பொறுப்பு

பிரதேச சபை என்றால் தெருவிளக்கும் வடிகானும்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அவை இல்லாத தெருவில் குடியிருப்பவர் அவற்றை அற்பம் என்று சொல்லமாட்டார். அதற்கு மேலாக, திண்மக்கழிவு, சந்தைக் கடைகள், மயானம், நூலகம், வியாபார அனுமதிப்பத்திரம், கட்டட வரைபட அனுமதி, சோலைவரி, ஆண்டுதோறும் பாதீடு எல்லாம் சபையின் மேசைக்கே வருகின்றன. பொறுப்பின் கனம் எவ்வளவு என்பதைக் கிண்ணியா பட்டறிந்தது. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 ஆம் திகதி படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். படகுச் சேவைக்கான அனுமதி தொடர்பில் நகர சபைத் தவிசாளர் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அந்த வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்குரியது. ஓர் அனுமதிக் கடிதம் எத்தனை உயிர்களைத் தொடக்கூடியது என்பதும், அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் நமக்குரிய பாடம். இத்தகைய முடிவை எடுப்பவருக்குப் படிக்கவும் நேரில் போய்ப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் நேரம் வேண்டும். பகல் முழுவதும் பிழைப்புக்கு ஓடி, மாலையில் சபைக்கு வருபவரிடம் அந்த நேரம் இருக்காது.

துறைமுக மாவட்டம் என்பதால் திருகோணமலைக்கு இன்னொரு சுமையும் உண்டு. சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்த கம்பனிக்கும், 14 ஐ லங்கா ஐஓசிக்கும் ஒதுக்கிய ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. 2025 ஏப்ரலில் சம்பூர்ச் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையுடன் கையொப்பமிட்டன. கொழும்பிலும் டெல்லியிலும் எழுதப்படும் இந்தத் திட்டங்களை உள்ளூர்ச் சபை நிறுத்திவிடாது. ஆனால் பாரவூர்திகள் ஓடும் வீதியின் கதி, வேலையாட்களின் குடியிருப்பு, கழிவு போகும் இடம், கரையோர மக்களின் வழி ஆகிய எல்லாம் கடைசியில் சபைக்கே வந்து சேரும். பன்னாட்டுக் கம்பனியின் சட்டத்தரணிக்கு எதிரே சம்பளம் போதாத குறையைச் சுமந்த ஓர் உறுப்பினரை உட்கார வைத்துவிட்டு, பேரம் சமமாக நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

உலகம் கண்ட வழி

சம்பளமில்லாப் பதவி ஏழைக்குப் பூட்டிய கதவு என்ற கண்டுபிடிப்பு புதியதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்துக்கு வருபவருக்குக் கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையும் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியது. பிற்காலச் சட்டங்கள் அந்த வரியை அழித்தன. சம்பளம் கொடுக்காமல் விட்டால், அழித்த வரி எழுதாமலே நடைமுறைக்கு வந்துவிடும். இங்கிலாந்தில் 1838 இன் மக்கள் சாசனம் கேட்ட ஆறு கோரிக்கைகளில் பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளமும் ஒன்று. அது 1911 இல், ஆண்டுக்கு 400 பவுண் என்ற அளவில்தான் நிறைவேறியது. அரசியலிலிருந்து வருமானம் வராவிட்டால் செல்வந்தரே அரசியல் செய்வர் என்று மாக்ஸ் வேபர் 1919 இல் வாதிட்டதும் இதே அடிப்படையில்தான்.

இது வெறும் கோட்பாடல்ல என்பதைக் காட்டும் ஆய்வுகள் உள்ளாட்சி மட்டத்திலேயே இருக்கின்றன. பிரேசில் 2000 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் நகர சபை உறுப்பினரின் சம்பள உச்சவரம்பை மக்கள்தொகைப் படிகளின்படி வகுத்தது. ஒரு படிக்குச் சற்றுக் கீழே இருந்த ஊர்களையும் சற்று மேலே இருந்த ஊர்களையும் ஒப்பிட்ட ஃபெராஸ், ஃபினான் என்ற பொருளியலாளர்கள், சம்பளம் கூடிய இடங்களில் போட்டி கடுமையானதையும், கூடப் படித்தவர்கள் வந்ததையும், உறுப்பினர்கள் கொண்டுவந்த சட்டமூலங்கள் பெருகியதையும் கண்டார்கள். இத்தாலியில் 5,000 பேர் என்ற எல்லையைக் கடந்த ஊர்களில் மேயரின் சம்பளம் துள்ளி ஏறுகிறது. அங்கே கல்வி கூடியவர்கள் போட்டியிட்டதையும் நிர்வாகச் செலவு சிக்கனப்பட்டதையும் காலியார்டுச்சியும் நன்னிச்சினியும் பதிவு செய்தார்கள். அண்டை மாநிலமான தமிழ்நாடும் 2023 ஜூலை முதல் மாநகராட்சி மேயருக்கு 30,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 இந்திய ரூபாய் என்று மதிப்பூதியத்தை அறிவித்தது. தொகை சிறியது, நம்முடையதைப் போலவே சபையின் தரத்தை மட்டும் பார்க்கிறது, அரசு மனம் வைத்தால் கூடும், வைக்காவிட்டால் உறையும். இந்த வகையில் வேல்ஸ் நாட்டின் முறை வேறுபட்டது. அங்கே கொடுப்பனவை அரசியல்வாதிகள் முடிவு செய்வதில்லை. சுயாதீனக் குழு முடிவு செய்தது. 2022 இல் அந்தக் குழு சபை உறுப்பினரின் அடிப்படைக் கொடுப்பனவை வேல்ஸ் தொழிலாளியின் இடைநிலைச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்று கணக்கிட்டு ஆண்டுக்கு 16,800 பவுணாக வைத்தது. வாரத்தில் மூன்று நாள் வேலை என்ற கணிப்பு அதன் அடிப்படை. அந்தத் தொகையை அப்படியே நாம் எடுக்க முடியாது, அளவுகோலை எடுக்கலாம்.

மறுப்புகள்

முதல் மறுப்பு ஒழுக்கத்தின் பெயரால் வருவது: இது தொண்டு, தொழில் அல்ல. தொண்டின் மதிப்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொண்டுக்கான செலவை யார் சுமக்கிறார் என்று பார்க்க வேண்டும். 2023 தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்த அரச ஊழியர்கள் ஏறத்தாழ 3,000 பேர் சம்பளமில்லா விடுமுறையில் போனார்கள். பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போனது; பழைய வேலைக்குத் திரும்ப முடியாமலும் போட்டியிட முடியாமலும் அவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22 இல் தீர்ப்பளித்தது. அந்த வேட்புமனுக்களோ 2025 இன் விசேட ஏற்பாட்டுச் சட்டத்தால் இரத்தாகின. பொதுவாழ்வுக்கு வந்ததற்காக இவ்வளவு இழக்கக்கூடியவர் யார்? வேறு வருமானம் உள்ளவர். தொண்டு என்ற சொல் உயர்ந்ததுதான். ஆனால் அதன் பாரம் வசதியானவர் தோளில் இலேசாகவும் கூலிக்காரர் தோளில் கனமாகவும் விழுகிறது. பெண்களுக்கு அது இரட்டிப்பாக விழுகிறது. 25 வீத ஒதுக்கீட்டுக்கு முன் உள்ளூராட்சியில் பெண்கள் 2 வீதம் அளவில்தான் இருந்தார்கள். ஒதுக்கீடு ஆசனத்தைக் கொடுத்தது. பிள்ளையைப் பார்ப்பவருக்கும் இரவில் அமர்வு முடிந்து வீடு திரும்பும் ஆட்டோவுக்கும் கொடுக்கக் காசைக் கொடுக்கவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு வாதமும் உண்டு. தங்கள் பிரதிநிதிகளின் சம்பளத்தைப் பொது நிதியத்தில் சேர்க்கும் மரபுள்ள மக்கள் விடுதலை முன்னணி போன்ற கட்சிகளைக் காட்டி, கொள்கை இருந்தால் சம்பளம் தேவையில்லை என்பார்கள். அந்த மரபு மதிக்கத்தக்கது. ஆனால் விட்டுக்கொடுக்க முதலில் ஒரு சம்பளம் இருக்க வேண்டும்; தன் உறுப்பினரைக் கட்சியே பராமரிக்கும் பலமும் வேண்டும். மூதூரிலோ தம்பலகாமத்திலோ சுயேச்சைக் குழுவாக நிற்கும் நாலு பேருக்குப் பின்னால் அப்படியொரு நிதியம் இல்லை. சம்பளம் குறைந்தால் பெரிய கட்சிகள் தாங்கிக்கொள்ளும், ஊர்க்குழுக்கள் தாங்கா.

இரண்டாவது மறுப்பு கணக்கின் பெயரால் வருவது. 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்த நாட்டில் அரசியல்வாதிக்குச் சம்பள உயர்வா? கணக்கைப் போட்டே பார்ப்போம். 2025 இல் நாடு முழுவதும் நிரப்ப வேண்டியிருந்த ஆசனங்கள் 8,287. ஒவ்வொருவருக்கும் மாதம் 15,000 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 149 கோடி ரூபாய். அந்த ஆண்டின் அரச செலவு மதிப்பீடு 7 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உயர்வு அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவே. நான்கு ஆண்டுப் பதவிக்காலம் முழுவதற்கும் சேர்த்தாலும் 600 கோடியைத் தாண்டாது. 2023 இல் ஒரு தடவை தேர்தல் நடத்தவே 1,000 கோடி தேவை என்று சொல்லப்பட்டது. இவ்வளவு செலவழித்துத் தேர்ந்தெடுப்பவரை வேலை செய்ய முடியாத நிலையில் வைப்பதுதான் வீண்செலவு. உறுப்பினருக்கு ஒரு சதமும் கொடுக்காத சிக்கனத்தையும் நாம் பார்த்துவிட்டோம்: 2023 மார்ச்சிலிருந்து 2025 நடுப்பகுதி வரை உறுப்பினரே இல்லை. மிச்சம் பிடித்த பணத்தால் எந்த வீதியும் திருந்தவில்லை. குப்பை எடுக்காத நாளில் யாரைப் பிடித்துக் கேட்பது என்று மட்டும் தெரியாமல் போனது.

மூன்றாவது மறுப்பு மிகக் கூர்மையானது: சம்பளம் கூட்டினால் இலஞ்சம் நிற்குமா? நிற்காது. கானா நாடு 2010 இல் பொலிஸாரின் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. நெடுஞ்சாலைகளில் பாரவூர்திகளிடம் அவர்கள் கறந்த தொகை குறையவில்லை, கூடியது என்று ஆய்வு காட்டியது. ஆகவே ஊழலுக்கு மருந்து என்று சொல்லிச் சம்பள உயர்வைக் கேட்பவர் தன் வழக்கையே தோற்கடிக்கிறார். நல்ல சம்பளம் தீயவரைத் திருத்துவதில்லை. நல்லவர் வருவதற்கான தடையை நீக்குகிறது. பிரேசிலும் இத்தாலியும் காட்டியது முக்கியமாக இந்தத் தெரிவின் விளைவைத்தான். தீயவரைப் பிடிப்பதற்கு வேறு கருவிகள் உள்ளன: 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் சொத்து விபரப் பிரகடனம், அதே ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம், கணக்காய்வு. இவற்றைக் கேட்கும் தார்மீக உரிமை, நியாயமான சம்பளத்தைக் கொடுத்த பிறகுதான் மக்களுக்கு முழுமையாக வருகிறது. 15,000 ரூபாயில் எப்படி வாழ்கிறீர் என்று யாரும் கேட்காத இடத்தில், வீடு எப்படிக் கட்டினீர் என்ற கேள்விக்கும் பதில் வராது. வேட்பாளராக இருந்தபோது பதாகைக்குக் காசு கொடுத்த ஒப்பந்தக்காரர், உறுப்பினரான பிறகு மாதச் செலவுக்கும் கொடுத்தால், அடுத்த கொங்கிறீற் வீதியின் தடிப்பை அளக்க அந்த உறுப்பினர் எந்த முகத்தோடு போவார்?

நான்காவது மறுப்பு எண்ணிக்கை பற்றியது. கலப்புத் தேர்தல் முறை வந்ததும் உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்துக்கு மேல் ஏறியது. வாய் திறக்காத உறுப்பினருக்கு ஏன் இரட்டைச் சம்பளம் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே மகிந்த தேசப்பிரியவின் தலைமையில் எல்லை நிர்ணயக் குழு அமைந்தது. எண்ணிக்கை குறையட்டும். குறைந்தவர்களுக்கு நிறைவாகக் கொடுக்கலாம். ஆனால் ஆள் கூட என்பதற்காக எல்லாரையும் அரைவயிற்றில் வைத்தால், முதலில் வெளியேறுவது சும்மா இருப்பவர் அல்ல. வேறிடத்தில் சம்பாதிக்கக்கூடிய திறமைசாலி.

என்ன செய்யலாம்

இந்த வாதங்களிலிருந்து ஒரு முறை உருவாகிறது. உறுப்பினரின் அடிப்படைக் கொடுப்பனவு தேசிய ஆகக்குறைந்த சம்பளத்துக்குச் சமமாக இருக்கட்டும். அது ஏறும்போது இதுவும் தானாக ஏறட்டும். உறுப்பினர் வேலை முழுநேரமல்ல என்பது உண்மை. ஆனால் கூலிக்குப் போகும் ஒருவர் வயிற்றைக் கட்டாமல் சபைக்கு வரக்கூடிய தொகை இதற்குக் கீழே இல்லை. எஞ்சிய உழைப்பு தொண்டாகவே இருக்கும். அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளமே 2025 பாதீட்டில் 40,000 ரூபாயாக்கப்பட்டதை நினைத்தால் 30,000 ஊதாரித்தனமல்ல. தவிசாளர், முதல்வர் பதவிகள் முழுநேர வேலை. அவர்களுக்கு அதே சபையின் செயலாளருக்கோ ஆணையாளருக்கோ குறையாத சம்பளம் வேண்டும். சபையின் தரத்துக்கான வேறுபாட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வட்டாரத்தின் தூரத்துக்குப் பயணப்படியும், பிள்ளைப் பராமரிப்புச் செலவும் சேர்க்கலாம். காரணமின்றி அமர்வுக்கும் குழுக்கூட்டத்துக்கும் வராதவருக்கு வெட்டு இருக்க வேண்டும். வருகைப் பதிவும் சொத்து விபரமும் மக்கள் பார்க்கும்படி வெளியாக வேண்டும். பணம் திறைசேரியிலிருந்து வரவேண்டும். சபையின் சொந்த வருமானத்திலிருந்து என்றால் கடைத்தெரு உள்ள மாநகர சபைக்கு இயலும், மொரவெவவுக்கும் வெருகலுக்கும் இயலாது.

நிர்ணயிப்பவர் யார் என்பதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. இன்று அமைச்சின் சுற்றறிக்கை முடிவு செய்கிறது. உள்ளூராட்சியை மேற்பார்க்க வேண்டிய கிழக்கு மாகாண சபை, திருகோணமலையில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு, 2017 செப்டெம்பர் 30 இலிருந்து தேர்ந்தெடுத்த ஒருவருமின்றி ஆளுநரின் கீழ் இயங்குகிறது. ஆளும் கட்சி விரும்பும்போது கூட்டி, வெறுக்கும்போது உறைய விடும் கொடுப்பனவு, சபைகளைக் கொழும்புக்குக் கைகட்டி நிற்க வைக்கும். அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரையில் அமையும் ஒரு சுயாதீனக் குழு, பதவிக்காலத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்த்துத் தொகையைச் சொல்லட்டும். அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரட்டும். அமெரிக்காவில் 1789 இல் முன்மொழியப்பட்டு 1992 இல் நிறைவேறிய 27 ஆவது திருத்தத்தின் சாரம் இதுவே: தன் சம்பளத்தைத் தானே உடனடியாகக் கூட்டிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.

முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டெம்பரில் நிறைவேறியபோது மக்கள் வரவேற்றார்கள். மேலே மிதமிஞ்சியதை வெட்டிய அதே நியாயம், கீழே போதாததை நிரப்பவும் கட்டளையிடுகிறது; இரண்டும் ஒரே அளவுகோலின் இரண்டு பக்கங்கள். இப்போதைய சபைகளின் காலம் 2029 இல் முடியும். அதற்கு முன் இந்த முறையைச் சட்டமாக்கினால், இன்று பதவியிலிருக்கும் எந்த உறுப்பினரின் பைக்காகவும் அது செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. 2029 இல் வேட்புமனு கொடுக்க நினைக்கும் கடற்றொழிலாளியும் ஆசிரியையும் தங்கள் குடும்பக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கவும் அவகாசம் இருக்கும்.